மஞ்சள் தண்ணீர் காணாத கோஸ்

முகத்தைச் சுளிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க ஜெய்சங்கருக்குத் தெரியாது. டம்ளரை வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். விளிம்பைத் துண்டு நுனியால் துடைப்பார். பிறகு உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். ஊற்றி முடித்ததும் ஏதோ வேண்டாதது உள்ளே போய்விட்டது போல ஒரு செருமல். சொந்த வீட்டுத் தண்ணீருக்கே இந்த மரியாதை. அடுத்த வீட்டுத் தண்ணீர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

துவாக்குடிப் பக்கம் கொதிகலன்களுக்குக் குழாய் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவராக இருந்தார். வெல்டிங் வைத்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, பிடிக்காததன் மேல் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவது வேலை. வேலையில் கெட்டிக்காரர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்று வந்தபோது சாக்பீஸைக் கம்பெனியிலேயே ஒப்படைத்துவிட்டு, பெருக்கல் குறியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று அவர் மனைவி கோதை சொல்வாள்.

அவர் வளர்ந்தது திருச்சி கே.கே. நகர். கோதை ஸ்ரீரங்கத்துக்காரி. அங்கே மேலூர் ரோட்டில் அவள் அப்பா எழுதிவைத்த வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். பின்னால் நாலு தென்னை, ஒரு கிணறு, காலியாகக் கிடந்த கொஞ்சம் மண். கோதைக்கு நினைத்தபோது கோயிலுக்குப் போய்வர முடிந்தது. ஜெய்சங்கருக்கு நினைத்தபோதெல்லாம் அருவருப்படைய முடிந்தது. ஆற்றங்கரையில் எச்சில் இலை, சந்து முனையில் வெற்றிலைச் சாறு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைத் தொட்ட கையால் கம்பியைப் பிடிப்பது என்று எதுவும் அவர் கண்ணிலிருந்து தப்பாது. கறிக்கடையில் தொங்கிய தொடையின் மேல் ஈ உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்த அன்றே கவுச்சியை விட்டார். கோதை அதைப் பெருமாள் கொடுத்த நல்ல புத்தி என்று நினைத்துக்கொண்டாள். ஓட்டலில் மேஜை துடைத்த துணியாலேயே ஒருவன் கழுத்து வேர்வையைத் துடைத்ததைப் பார்த்தபின் ஓட்டலும் போயிற்று. கோயில் சர்க்கரைப் பொங்கலை மட்டும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வார். அதையும் கோதை அந்தப் பக்கம் திரும்பியதும் அணிலுக்கு வைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாக்கில் ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. கோதை வைக்கும் முட்டைக்கோஸ் கூட்டு. பாசிப்பருப்பு குழைந்து, சீரகமும் தேங்காயும் அரைத்து விட்டு, மேலே கறிவேப்பிலை தாளித்து, கொஞ்சம் தேங்காய்த் துருவலும் தூவியது. அது இருந்தால் குழம்பு வேண்டாம், ரசம் வேண்டாம். அதற்கும் ஒருநாள் வேட்டு விழுந்தது. மொத்தக் கடை ஒன்றின் வாசலில் கோஸ் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. குவித்துப் போட்ட கோஸின் மேல் ஒரு ஆள் செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்து, கால் விரல் இடுக்கைச் சொறிந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். சொறிந்த கையாலேயே ஒரு கோஸை எடுத்து உரித்து, உள் இலையைக் கடித்தும் தின்றான். ஜெய்சங்கர் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அன்றிலிருந்து கடைக் கோஸ் வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. கோதை, வாங்கி வந்து உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும், ஊரே அப்படித்தானே செய்கிறது என்றாள். ஊர் செய்வதைப் பற்றி ஜெய்சங்கர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாததல்ல.

கூட்டில்லாமல் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஆயுத பூஜை கழிந்த கையோடு விதை வாங்கி வந்தார். மலையில் மட்டும் வரும் ரகம் அல்ல, திருச்சி வெயிலையும் தாங்கும் ரகம் என்று விதைக்கடையில் ஒன்றுக்கு மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். விதை பார்ப்பதற்குக் கடுகுதான். குழித்தட்டில் தென்னை நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடினார். மாட்டுச் சாணத்தைத் தொட மனம் வராமல் கைக்கு பிளாஸ்டிக் உறை, மூக்குக்குத் துண்டு. முளை வந்தபோது மட்டும் மனிதர் கொஞ்சம் சிரித்தார். நோஞ்சான் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு நாளில் நல்லதாகத் தேர்ந்தெடுத்துப் பின்னால் இருந்த மண்ணில் நட்டார்.

மகள் பானுவின் கல்யாணப் பேச்சும் அப்போதுதான் மூன்றாவது தடவையாகத் தொடங்கியிருந்தது. பானு தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முந்தைய இரண்டு இடமும் கைகூடாமல் போனதற்கு அவள் காரணம் இல்லை, ஜாதகமும் காரணம் இல்லை. முதல் இடத்தில் பையனின் மாமா, தண்ணீர் டம்ளருக்குள் கட்டைவிரல் முங்க எடுத்து வந்து நீட்டினார். விரலைக் கழுவிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று ஜெய்சங்கர் சபையில் சொல்லிவிட்டார். மாமா விரலையும் கழுவவில்லை, வேறு தண்ணீரும் கொண்டுவரவில்லை. இரண்டாவது இடத்தில் பையனே கேசரி தின்ற கையை நக்கிவிட்டு பானுவின் படத்தைப் புரட்டினான். அதையும் ஜெய்சங்கர் மனசோடு வைத்துக்கொள்ளவில்லை. பானு அதற்குப் பிறகு ஒரு வருஷம் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

மூன்றாவது இடம் பொன்மலை. பையனின் அப்பா பிச்சமுத்து, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ராசாத்தி. கோதை இந்த முறை முன்ஜாக்கிரதையாக, இரு வீட்டாரும் முக்கொம்பு பூங்காவில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு செய்தாள். அங்கே யாரும் யாருக்கும் டம்ளர் நீட்ட வேண்டியதில்லை. பானுவும் பையனும் மதகுப் பாலத்தின் மேல் நடந்து பேசிவிட்டுத் திரும்பியபோது இருவர் முகத்திலும் பதில் இருந்தது. பிச்சமுத்து சுண்டல் பொட்டலத்தைத் தரையில் வைத்து, எடுத்து, ஊதித் தின்றார். ஜெய்சங்கர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேசி முடித்தாயிற்று. இனிப் பையன் வீட்டார் பெண் வீட்டில் வந்து கை நனைக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியோடு போய்விடுவார்கள், இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்தால்தான் சம்மதம், அதற்குப் பிறகு பேச்சு மாறாது. அதே மாதிரி இலையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டாலும் பேச்சு மாறாது, சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் பானு தோட்டத்துக்கு வந்தாள். அப்பா கோஸ் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. அவங்க வர்ற அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயத் திறக்காதீங்க. என்ன பாத்தாலும் சரி. எனக்காக."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய தலையை நிறுத்தி, தன் கோஸ் கூட்டு அன்றைக்கு இலையில் இருக்க வேண்டும் என்றார். பானு சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கோஸுக்குப் புழு வரும் என்று விதைக்கடையில் சொல்லியிருந்தார்கள். எப்படி வரும் என்று சொல்லவில்லை. இலையின் அடிப்பக்கத்தில், இலையின் நிறத்திலேயே, நூல் கணக்காக. தொட்டால் நெளிந்து ஒரு இழையில் தொங்கும். சின்ன ஓட்டையாகத் தின்று, தின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பச்சையாகக் கழிந்தும் வைக்கும். தின்னும் இடத்திலேயே கழிகிற ஜந்துவை ஜெய்சங்கர் எப்படிப் பொறுப்பார். வேப்பம் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தார். மிஞ்சியதைப் பானு புருவம் திருத்த வைத்திருந்த இடுக்கியால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை குமட்டும். காலையில் புழு பொறுக்கினால் மத்தியானம்தான் சாப்பாடு இறங்கும். ஆனாலும் ஒரு நாள் விடவில்லை. இலைகள் விரிந்து, நடுவில் குருத்து மூடத் தொடங்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையாக வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மார்கழியில் கோயிலில் பகல்பத்து உற்சவம் தொடங்கியது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு அந்த நாட்களில் வீடு ஒரு பொருட்டல்ல. விடியுமுன் குளித்துக் கிளம்பினால் பெருமாள் உள்ளே எழுந்தருளும் வரை கோதை திரும்ப மாட்டாள். கிளம்பும்போது சோப்புத் தண்ணீர் டப்பாவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னங்க, பகல்பத்து ஆரம்பிச்சாச்சு. நம்மாழ்வார் மோட்சம் நடந்து உற்சவம் முடியற வரைக்கும் இந்த வீட்ல ஒரு உசுரையும் கொல்லக் கூடாது. பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டியிருக்கேன்."

பெண்ணின் பெயரைச் சொன்ன பிறகு அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. டப்பாவில் இருந்த சோப்புத் தண்ணீரைக் கொட்டினார். வேப்பம் புண்ணாக்குத் தண்ணீரும் கொல்லும் கணக்கில்தான் வரும் என்று கோதை தீர்ப்புச் சொன்னதால் அதையும் நிறுத்தினார். பிடித்த புழுக்களைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கையை நீட்டமாக நீட்டிப் பிடித்தபடி, பக்கத்துக் காலி மனையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். பாட்டிலுக்குள் அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைப் பார்க்காமலிருக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். சொர்க்கவாசல் திறந்த அன்று ஊரெல்லாம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதர் மட்டும் புழுக்களை உயிரோடு குடியேற்றிக்கொண்டிருந்தார். அவை அங்கே நன்றாக வளர்ந்தன. வளர்ந்து சாம்பல் நிற அந்துப் பூச்சியாகி, சாயங்காலம் கொல்லைச் சுவரைத் தாண்டித் தங்கள் கோஸுக்கே திரும்பி வந்தன. கோஸ் உருண்டையோ அந்த நாட்களில்தான் இலை மேல் இலையாக இறுக மூடிக்கொண்டிருந்தது.

தையில் உருண்டைகள் வெளிர் பச்சையில் பளபளவென்று, அழுத்தினால் கல்லாக நின்றன. வெளி இலைகளில் ஓட்டை இருந்தது. அதை உரித்துவிட்டால் உள்ளே மாசு மரு இல்லை. ஜெய்சங்கர் அதில் பெரிய உருண்டை ஒன்றை வெட்டி, தட்டில் வைத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். கோதை வழக்கம் போல வெந்நீர் வைத்து, உப்பையும் மஞ்சளையும் எடுத்தாள். அவருக்குக் கோபம் வந்தது. கடையில் எவன் காலடியிலோ கிடந்து வந்த கோஸுக்குத்தான் அந்த வைத்தியம், இது தன் கண்ணெதிரே வளர்ந்தது, இதை மஞ்சள் தண்ணீரில் போடுவது தன்னை நம்பாததற்குச் சமம் என்றார். அடுப்பில் வேறு நாலு வேலை இருந்தது. கோதை விட்டுவிட்டாள். அவரே உட்கார்ந்து பொடியாக நறுக்கியும் கொடுத்தார். மூக்குக்கண்ணாடி கூடத்தில் இருந்தது, எடுக்கப் போகவில்லை. ஊரார் வைத்த வெல்டிங்குக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவர், தான் வைத்ததைப் பார்க்கத் தோன்றாமல் இருந்துவிட்டார்.

பொன்மலையிலிருந்து அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். கூடத்தில் இலை போட்டாயிற்று. பிச்சமுத்து நடுவில், ஒரு பக்கம் ராசாத்தி, ஒரு பக்கம் பையன். கோதை பரிமாறினாள். ஜெய்சங்கர் எதிரே நின்று உபசரித்தார். பானு சமையலறை நிலைப்படியில் நின்றாள். கூட்டு வைத்தபோது, இது தன் கையால் விதை போட்டு வளர்த்த கோஸ், ஒரு சொட்டு மருந்து காணாதது என்று ஜெய்சங்கர் சொன்னார். பிச்சமுத்து கைகூப்பிவிட்டு, ரயில் கடைசிப் பெட்டியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட கதையை எடுத்தார்.

அப்போதுதான் ஜெய்சங்கர் பார்த்தார். பிச்சமுத்துவின் இலையில், கூட்டின் மேட்டில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அது கிடந்தது. வெந்து வெளுத்து, தேங்காய்த் துருவல் கணக்காக. ஆனால் தேங்காய்த் துருவலுக்குத் தலை கிடையாது. இதற்குப் பழுப்பு நிறத்தில் ஒரு தலை இருந்தது.

வாழ்நாளெல்லாம் இப்படி ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வாய் தானாகத் திறந்துவிடும். சொன்னால் இலையை எடுக்க வேண்டும், மனிதர் எழுந்துகொள்வார். நல்ல காரியத்தில் இலையில் புழு நெளிந்த வீடு என்று பொன்மலை முழுக்கப் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த ஆள் அதைத் தின்பார். நிலைப்படியைப் பார்த்தார். பானு இலையைப் பார்க்கவில்லை, அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிச்சமுத்து கதையை நிறுத்தாமல் கூட்டைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டார். விழுங்கினார். ஜெய்சங்கர் வாயைத் திறக்கவில்லை.

"கூட்டு பிரமாதம். இன்னுங் கொஞ்சம் வைங்க. நீங்களே வைங்க, வளத்த கை" என்றார் பிச்சமுத்து.

ஜெய்சங்கர் கரண்டியை வாங்கி, கரண்டிக்குள் உற்றுப் பார்த்தபடி இன்னொரு கரண்டி வைத்தார்.

அவர்கள் நிறைந்த மனதோடு கிளம்பிப் போனார்கள். பானு அப்பாவின் கையை ஒரு முறை இறுகப் பிடித்துவிட்டுப் போனாள். ஜெய்சங்கர் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் குடல் புரள வாந்தி எடுத்தார். பிறகு மீதி நின்ற கோஸ்களில் ஒன்றைப் பிளந்து பார்த்தார். இலைக்கும் இலைக்கும் நடுவில் பச்சைக் கழிசல், அதற்குள் குடும்பம் குடும்பமாக அவை. எல்லாவற்றையும் பிடுங்கிக் குழி வெட்டிப் புதைத்தார். புழுவின் மேல் அவருக்கு அருவருப்பு தீர்ந்துபோயிருந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டது. ஒருவர் தன் வீட்டில் புழு தின்பதை வாய் மூடி வேடிக்கை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வைத்தவனைக் கண்ணாடியில் பார்க்க அவருக்குக் கூசியது. முகம் மழிக்காமலே நாலு நாள் போயிற்று. கோதைக்கும் சொல்லவில்லை.

முறைப்படி அடுத்து இவர்கள் போய் அங்கே கை நனைக்க வேண்டும். பொன்மலை வீட்டில் ராசாத்தி இவர்களுக்காகக் கவுச்சிப் பாத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதுப் பாத்திரத்தில் சமைத்திருந்தாள். இலையில் முதலில் வந்து விழுந்தது கோஸ் கூட்டு. சம்பந்திக்குப் பிடிக்கும் என்று விசாரித்துச் செய்தார்களாம். ஜெய்சங்கர் இலையைப் பார்த்தார். ஒவ்வொரு தேங்காய்த் துருவலையும் தனித்தனியாகப் பார்த்தார். கை இலைக்குப் போகவில்லை. கோதைக்கு வேர்த்தது.

பக்கத்தில் நின்று உபசரித்துக்கொண்டிருந்த பிச்சமுத்து குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"தயங்காம சாப்பிடுங்க சம்பந்தி. இது மஞ்சத் தண்ணியில போட்டு எடுத்த கோஸுதான்."

ஜெய்சங்கர் நிமிர்ந்தார். பிச்சமுத்து அவர் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே பேசினார்.

"அன்னைக்கு நானும் பாத்தேங்க. நீங்க என் இலையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அந்தப் புள்ள உங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் எந்திரிச்சா அது என்னங்க பண்ணும்? அதான் உருட்டி முழுங்கிட்டேன். நாங்க கவுச்சி திங்கிற ஆளுங்க, அது ஒண்ணும் பண்ணாது."

தெரிந்தே தின்றிருக்கிறார். தெரிந்தே தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் வேறு கேட்டிருக்கிறார். ஜெய்சங்கருக்கு நன்றி வருவதற்கு முன்னால் குமட்டல் வந்தது. கூட்டைச் சோற்றோடு பிசைந்து, மெல்லாமல் விழுங்கினார். விக்கியது.

பிச்சமுத்து அவசரமாகச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினார். அவருடைய கட்டைவிரல் டம்ளருக்குள் நகக்கண் வரை முங்கியிருந்தது. நகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. கோதை பார்த்துவிட்டாள், அவள் கை சோற்றிலேயே நின்றது.

ஜெய்சங்கர் டம்ளரை வாங்கினார். வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. விளிம்பைத் துடைக்கவில்லை. வாயில் வைத்து, உதடு படக் குடித்தார். முகம் மட்டும் கோணிக்கொண்டு சுளித்தது, அதை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடி வரை குடித்துவிட்டுக் காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் குடுங்க சம்பந்தி" என்றார்.